சனிக்கிழமை கோப்பை, செவ்வாய்க்கிழமை சரிவு: விகன் அத்லெடிக்கின் 2012–13 சீசனைப் பின்தொடர்ந்ததில் தெரிந்துகொண்டவை

2013 மே 11, சனிக்கிழமை மாலை. லண்டனின் வெம்ப்லி மைதானத்தில், சின்ன ஊர் கால்பந்து கிளப்பான விகன் அத்லெடிக் மான்செஸ்டர் சிட்டியை 1-0 என்று சாய்த்து, எல்லா டிவிஷன் கிளப்களும் மோதும் நாக்-அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கியது. மே 14, செவ்வாய்க்கிழமை இரவு ஆர்சனலிடம் 4-1 என்று தோற்று முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கிலிருந்தே இறங்கியது. ஒரே சீசனில் எஃப்.ஏ. கோப்பையை ஜெயித்துவிட்டு கீழ் டிவிஷனுக்கும் போன முதல் கிளப் விகன்தான். அந்த சீசனைக் கோப்பை, லீக் என்று ஒன்று விடாமல் பின்தொடர்ந்தவர்களுக்குக் கொண்டாடுவதா அழுவதா என்று கடைசி வரை பிடிபடவில்லை. மனசு ஒரு பக்கம் இருக்கட்டும். கைக்காசும் லீவும் எப்படிக் கரைந்தன என்பதுதான் அப்போது பெரிய ஆச்சரியம். ஒரு இங்கிலாந்து கிளப்பின் சீசன் எப்படி ஓடும், எங்கே பிதுங்கும், ரசிகர் எதற்கு முன்கூட்டியே தயாராக இருக்கவேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. இங்கிலாந்துக்குப் புதிதாக வந்து ஒரு கிளப்பைப் பிடித்துக்கொண்டு, இனி எல்லா மேட்சுக்கும் போகலாம் என்று கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் அடிப்படைக் கணக்கு. பிரீமியர் லீகில் 38 மேட்ச், அதில் 19 சொந்த மைதானத்தில். பொதுவாக சீசன் டிக்கெட் என்பது அந்த 19-க்கு மட்டும்தான். லீக் கப் என்ற இன்னொரு நாக்-அவுட் போட்டிக்கும் எஃப்.ஏ. கோப்பைக்கும் தனியாகக் காசு. உங்கள் சீட்டை ஒரு குறிப்பிட்ட தேதி வரை உங்களுக்காக நிறுத்தி வைப்பார்கள், அதற்குள் வாங்காவிட்டால் பொது விற்பனைக்குப் போய்விடும். பல கிளப்களில் தானியங்கிக் கோப்பைத் திட்டம் என்று ஒன்று உண்டு: ஒரு தடவை சம்மதம் கொடுத்துவிட்டால் சொந்த மைதானத்தில் நடக்கும் ஒவ்வொரு கோப்பை மேட்சுக்கும் கார்டிலிருந்து காசு தானாகப் போகும். ஆரம்பச் சுற்றுகளில் கூட்டம் பாதிகூட வராது, டிக்கெட்டும் மலிவாக இருக்கும், ஆகவே அந்தத் திட்டம் வீண்செலவு மாதிரித் தோன்றும். ஆனால் அரையிறுதி, இறுதி டிக்கெட்டுகளைப் பங்கிடும்போது முந்தைய சுற்றுகளுக்கு யார் வந்தார்கள் என்ற பதிவைத்தான் பெரிய கிளப்கள் முதலில் பார்க்கின்றன. ஆகஸ்ட் மாதத்து மழையில் காலி ஸ்டாண்டில் உட்கார்ந்து பார்த்த லீக் கப் மேட்ச், பிறகு அதன் இறுதிக்கு வெம்ப்லி வாசலைத் திறந்துவிடும். விகன் மாதிரி சின்ன ஊருக்கு அந்தத் தட்டுப்பாடு வரவில்லை. இறுதிக்குக் கிளப்புக்குக் கிடைத்த பங்கு சுமார் 25,000 சீட்டு, டி.டபிள்யூ. ஸ்டேடியம் என்று அப்போது பெயர் கொண்ட சொந்த மைதானத்தின் மொத்தக் கொள்ளளவே ஏறக்குறைய அவ்வளவுதான். லிவர்பூல், ஆர்சனல் ரசிகராக இருந்தால் இந்தப் பதிவு விஷயத்தைத் தலையாயதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

லீக் கப் விகனுக்குச் சீக்கிரமே முடிந்தது. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டையும் வெஸ்ட் ஹாமையும் 4-1, 4-1 என்று அடித்துவிட்டு, நான்காம் சுற்றில் நான்காவது டிவிஷன் அணியான பிராட்ஃபோர்டிடம் சொந்த மண்ணில் மாட்டிக்கொண்டது. 120 நிமிடம் 0-0, பிறகு பெனால்டியில் 4-2. அன்று சிரித்தவர்கள் கொஞ்ச நாளில் வாயை மூடிக்கொண்டார்கள், ஏனென்றால் அதே பிராட்ஃபோர்டு ஆர்சனலையும் ஆஸ்டன் வில்லாவையும் வெளியே தள்ளிவிட்டு இறுதிக்கே போனது. இன்றைய நடைமுறையில் அந்த அரை மணி நேர நீட்டிப்பு கிடையாது. 2018–19 முதல் லீக் கப்பில் இந்த மாதிரிச் சுற்றுகளில் கூடுதல் நேரம் இல்லை, நேராகப் பெனால்டி. இரவு மேட்சுக்குப் போய்விட்டு கடைசி பஸ்ஸைப் பிடிக்கவேண்டியவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

எஃப்.ஏ. கோப்பையில் பிரீமியர் லீக் அணிகள் ஜனவரி மூன்றாம் சுற்றில்தான் நுழையும். விகனுக்கு வந்தது அப்போது மூன்றாவது டிவிஷனில் இருந்த போர்ன்மத். சொந்த மைதானத்தில் 1-1. அந்தக் காலத்தில் டிரா என்றால் பத்து நாள் கழித்து எதிரணியின் ஊரில் ரீப்ளே, அதாவது மறு மேட்ச். விகன் இருப்பது வடமேற்கில், போர்ன்மத் தென்கடற்கரையில், நடுவே சாலை வழியில் ஏறக்குறைய 400 கிலோமீட்டர். ஜனவரி 15, செவ்வாய்க்கிழமை இரவு அங்கே போய் போசெல்லி அடித்த ஒற்றைக் கோலில் ஜெயித்துத் திரும்பினால் விடியற்காலைதான் வீடு. கோப்பைப் பயணத்தில் லீவு கரைவது இப்படித்தான், சனிக்கிழமைகளில் இல்லை. 2024–25 முதல் பிரதான சுற்றுகளில் ரீப்ளேவை அடியோடு எடுத்துவிட்டார்கள், டிரா என்றால் அன்றைக்கே கூடுதல் நேரம், பெனால்டி. சின்ன கிளப்களுக்கு ஒரு வருமானம் போச்சு என்று எனக்கு வருத்தம் உண்டு. எஃப்.ஏ. கோப்பையில் வாசல் வசூலை இரண்டு கிளப்களும் சமமாகப் பங்கிடுவதால், பெரிய அணியோடு ஒரு ரீப்ளே கிடைத்தால் கீழ் டிவிஷன் கிளப்புக்கு வருஷச் செலவே ஓடிவிடும். ரசிகரின் பர்ஸுக்கு மட்டும் நல்ல மாற்றம்.

அடுத்து மேக்கிள்ஸ்ஃபீல்டு, அப்போது ஐந்தாவது டிவிஷன். கோமெஸ் பெனால்டியில் 1-0. பிறகு ஹட்டர்ஸ்ஃபீல்டில் 4-1. காலிறுதியில் எவர்ட்டனின் குடிசன் பார்க். ஃபிகரோவா, மெக்மானமன், கோமெஸ் மூவரும் நான்கு நிமிடத்துக்குள் வரிசையாக அடித்த மூன்று கோலில் மேட்ச் இடைவேளைக்கு முன்பே முடிந்துபோனது. இங்கே ஒரு நுணுக்கம். லீக் மேட்சில் வெளியூர் ரசிகர்களுக்கு 3,000 சீட்டு, அல்லது சின்ன மைதானமென்றால் கொள்ளளவில் 10 சதவீதம். எஃப்.ஏ. கோப்பையில் 15 சதவீதம் வரை கேட்டு வாங்கலாம். அப்போது 40,000 பேர் கொண்ட குடிசனில் அது ஆறாயிரம். லீகில் வெளியூர் டிக்கெட் கிடைக்காமல் அல்லாடுகிறவர்களுக்குக் கோப்பைதான் சுலபமான வழி. மேக்கிள்ஸ்ஃபீல்டு மாதிரி ஆறாயிரம் பேர் மைதானத்தில் நிலைமை நேரெதிர், ஒரு ஸ்டாண்டின் ஓரத்தில் தொள்ளாயிரம் பேருக்குத்தான் இடம். குலுக்கலில் எந்த ஊர் விழுந்தது என்று தெரிந்தவுடனே அந்த மைதானத்தின் கொள்ளளவைப் பாருங்கள். அவசரப்படவேண்டுமா, நிதானமாக வாங்கலாமா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

இனி முக்கியமான விஷயம். அந்த சீசனில் கோப்பையின் கடைசிச் சுற்றுகளுக்குப் போகப் போக அந்த வார இறுதி லீக் மேட்ச் தள்ளிப்போனது. தள்ளிப்போனது எங்கேயும் மறைந்துவிடாது, சீசன் கடைசியில் வார நாள் இரவாகத் திரும்பி வரும். காலிறுதி வாரம் ஆடவேண்டிய மான்செஸ்டர் சிட்டி மேட்ச் ஏப்ரல் 17, புதன்கிழமைக்குப் போனது. அரையிறுதி வாரத்து ஸ்வான்சி மேட்ச் மே 7, செவ்வாய்க்கிழமைக்குப் போனது. இறுதி வாரத்து ஆர்சனல் மேட்ச் மே 14, அதுவும் செவ்வாய். விளைவைப் பாருங்கள்: ஏப்ரல் 7 குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ், 13 வெம்ப்லி அரையிறுதி, 17 சிட்டி, 20 வெஸ்ட் ஹாம், 27 டோட்டன்ஹாம், மே 4 வெஸ்ட் பிராம், 7 ஸ்வான்சி, 11 வெம்ப்லி இறுதி, 14 ஆர்சனல், 19 ஆஸ்டன் வில்லா. ஆறு வாரத்தில் பத்து மேட்ச். இதில் லண்டனுக்கு மட்டும் ஐந்து பயணம். சீட்டு, பஸ், வழிச்சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு லண்டன் பயணம் நூறு பவுண்டுக்குக் கீழே முடியாது என்று வைத்துக்கொண்டால், சம்பளத்தில் எவ்வளவு பெரிய ஓட்டை விழும் என்று தெரியும். ஜனவரியில் உங்கள் கிளப் கோப்பையில் உயிரோடு இருந்தால், அப்போதே காலண்டரை எடுத்து, கோப்பையின் கடைசிச் சுற்றுகள் நடக்கும் வார இறுதிகளில் லீகிலும் மேட்ச் இருந்தால் யாரோடு என்று குறித்து வையுங்கள். எந்த ஊருக்கு வார நாளில் ஓடவேண்டியிருக்கும் என்று மூன்று மாதம் முன்பே தெரிந்துவிடும்.

ரயில் டிக்கெட்டில்தான் நிறையப் பேருக்குக் கை சுடுகிறது. அட்வான்ஸ் என்று விற்கும் மலிவு டிக்கெட்டுகள் பன்னிரண்டு வாரம் முன்பே வந்துவிடும். டி.வி.க்காக மேட்சை எந்த நாள், எந்த நேரத்துக்கு மாற்றுகிறார்கள் என்ற அறிவிப்போ ஐந்தாறு வாரம் முன்புதான் வரும். இந்த இடைவெளியில் ஆசைப்பட்டு வாங்கியவர்களின் மேட்ச் ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விட்டால், டிக்கெட்டுக்குப் பணம் திரும்பாது. வண்டி கிளம்பும் முன் கட்டணம் கட்டி, விலை வித்தியாசத்தையும் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவே. ஒரே வழி, டி.வி. தேர்வு வெளியாகும் வரை பொறுப்பது. கோப்பையில் உயிரோடிருக்கும் அணி என்றால் அதற்குப் பிறகும் பொறுப்பது. பொறுக்கமுடியாவிட்டால் ஆஃப்-பீக் ரிட்டர்ன் வாங்குங்கள். விலை கூடுதல், ஆனால் சிறு தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தந்துவிடுவார்கள், நெரிசல் நேரம் தவிர எந்த வண்டியிலும் ஏறலாம். வார நாள் இரவு மேட்சுக்கு ரயிலை மறந்துவிடுங்கள். 7:45-க்குத் தொடங்கும் லண்டன் மேட்ச் முடிய 9:40 ஆகும், அதற்குப் பிறகு லண்டன் யூஸ்டன் ஸ்டேஷனுக்குப் போய் வடமேற்கு வண்டியைப் பிடிப்பது நடக்கிற காரியம் இல்லை. கிளப்போ ரசிகர் சங்கமோ ஏற்பாடு செய்யும் பஸ்தான் கதி. அதில் ஒரு கூடுதல் லாபம், மேட்ச் தள்ளிப்போனால் பஸ்ஸும் சேர்ந்து தள்ளிப்போகும், காசு பாழாகாது.

அந்த வருஷ இறுதி மேட்ச் மாலை 5:15-க்கு. டி.வி.க்காரர்களுக்கு வசதி. வடக்கிலிருந்து வந்த இரண்டு ஊர்க்காரர்களுக்கும் தலைவலி. சனிக்கிழமை இரவு யூஸ்டனிலிருந்து கடைசி வண்டி மற்ற நாட்களைவிட முன்னதாகவே கிளம்பிவிடும். 90 நிமிடத்தில் முடிந்தால் ஓடிப் பிடிக்கலாம், கூடுதல் நேரம், பெனால்டி என்று போனால் நடைமேடையில்தான் படுக்கை. வெம்ப்லியிலிருந்து கிளம்பும்போது கூட்டம் முழுக்க வெம்ப்லி பார்க் ஸ்டேஷனை நோக்கித்தான் போகும். போலீஸ் குதிரைகள் வழிமறித்து வரிசையை நிறுத்தி நிறுத்தி விடும், அதிலேயே முக்கால் மணி நேரம் போய்விடும். எதிர்ப்பக்கம் பதினைந்து இருபது நிமிடம் நடந்தால் வெம்ப்லி சென்ட்ரல் வரும். அங்கிருந்து யூஸ்டனுக்கே நேர் வண்டி உண்டு. விகன், மான்செஸ்டர், லிவர்பூல் பக்கம் போகிறவர்களுக்கு இதுதான் சரியான ஸ்டேஷன். கோப்பை கொடுக்கும்வரை நின்றுவிட்டால் வெம்ப்லி பார்க் வரிசையும் தானாகக் குறைந்துவிடும் என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஜெயித்தவர்கள் அவசரப்படத் தேவையில்லை.

மேட்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. 81-வது நிமிடம் விகனின் பென் வாட்சன் மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்தார். நவம்பரில் லிவர்பூல் மைதானத்தில் கால் எலும்பு முறிந்து மாதக்கணக்கில் படுத்திருந்தவர். 84-வது நிமிடம் மெக்மானமனை இடறிவிட்டு சிட்டியின் ஸபலேட்டா இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கிக்கொண்டு வெளியே போனார். கூடுதல் நேரம் நிச்சயம் என்று எல்லோரும் ரயில் நேரத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, 91-வது நிமிடத்தில் வலப்பக்கத்திலிருந்து மலோனி கார்னர் எடுத்தார். பந்து முன் கம்பத்துக்கு வந்தது. வாட்சன் ஓடி வந்து, தலையைப் பந்துக்குப் பின்னால் கொண்டுபோகாமல் பக்கவாட்டில் ஒரு உரசு உரசினார். சிட்டி கோல்கீப்பர் ஜோ ஹார்ட் கையை உயர்த்துவதற்குள் அது தலைக்கு மேலே வளைந்து வலைக்குள் விழுந்தது. மேட்சுக்கு முன் அணியை மைதானத்துக்கு அழைத்துவந்தவர் கிளப் உரிமையாளர் டேவ் வீலன். 1960 இறுதியில் பிளாக்பர்னுக்காக ஆடி, அதே வெம்ப்லியில் கால் முறிந்து வெளியேறியவர். கண்ணில் தண்ணீர் வந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஆனால் நான்கு நாள் முன்பே லீக் கதை பெரும்பாலும் முடிந்திருந்தது. மே 7-ல் ஸ்வான்சியோடு சொந்த மைதானத்தில் 1-0, பிறகு 2-1 என்று இரண்டு முறை முன்னிலை எடுத்து, 3-2 என்று தோற்றார்கள். ஸ்வான்சி லீக் கப்பை ஏற்கெனவே வென்றுவிட்டு, லீகில் இழக்கவோ பெறவோ எதுவும் இல்லாமல் கைவீசி ஆடிய அணி. இந்த மாதிரி அணிதான் சீசன் கடைசியில் ஆபத்து என்பதை மனதில் வையுங்கள். அதற்குப் பிறகு விகனுக்கு 35 புள்ளி, இரண்டு மேட்ச் பாக்கி. புள்ளிப்பட்டியலில் மேலே இருந்த சண்டர்லாந்து மே 12-ல் 39-க்கு வந்துவிட்டது. கோல் வித்தியாசத்தில் விகன் வெகு கீழே. ஆகவே ஆர்சனலில் டிரா எடுத்தால்கூடப் பெயரளவுக்குத்தான் நம்பிக்கை மிஞ்சும், ஜெயித்தே ஆகவேண்டும். பட்டியலைப் பார்க்கும்போது "இன்னும் ஒரு மேட்ச் கையில் இருக்கிறது" என்று சந்தோஷப்படுவது ரசிகர்களின் பழக்கம். கையில் இருக்கும் மேட்சைப் புள்ளியாக எண்ணாதீர்கள். அது யாரோடு, எந்த ஊரில், எத்தனை நாள் ஓய்வுக்குப் பிறகு என்று பாருங்கள். விகனின் "கையில் இருந்த" மூன்றில் ஒன்று சிட்டி, ஒன்று ஆர்சனல், இரண்டும் வெளியூர். மூன்றுமே தோல்வி. ஆர்சனலின் எமிரேட்ஸ் மைதானத்தில் இடைவேளையின்போது மலோனியின் ஃப்ரீ கிக்கால் 1-1. ஒரு மணி நேரம் தாண்டியதும் வால்காட், பொடோல்ஸ்கி, ராம்ஸி மூவரும் பத்து நிமிடத்துக்குள் கதையை முடித்தார்கள். மூன்று நாள் இடைவெளியில் இரண்டாவது பெரிய மேட்ச் ஆடும் கால்கள் சரியாக 60-வது நிமிடத்தில்தான் கனக்கும்.

கோப்பைதான் விகனைக் கவிழ்த்தது என்று இன்றும் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். கோப்பை கடைசி மாதத்தைக் கடினமாக்கியது உண்மை, ஆனால் 38 மேட்சில் 73 கோல் வாங்கிய அணி அது. தடுப்பாளர் ரமிஸ் ஜனவரியில் முழங்கால் காயத்தோடு போய்விட்டார். கேப்டன் கால்டுவெல்லும் ஃபிகரோவாவும் போஸெஷூரும் இறுதி மேட்சிலேயே ஆடவில்லை. மேலாளர் ராபர்ட்டோ மார்ட்டினெஸின் மூன்று தடுப்பாளர் முறைக்கு ஆளே தேறாத நிலை. முந்தைய வருஷங்களில் கடைசி வாரங்களில் மேலே ஏறித் தப்பித்துக்கொண்டே இருந்ததால், இந்தத் தடவையும் தப்பிவிடுவார்கள் என்று எல்லோரும் அசட்டையாக இருந்தோம். பணக் கணக்கு வேறு கதை. இறுதியை வென்றதற்குப் பரிசு 18 லட்சம் பவுண்டு. அடுத்த சீசனில் புது டி.வி. ஒப்பந்தப்படி பிரீமியர் லீகில் கடைசி இடம் பிடித்த கார்டிஃபுக்கே 6 கோடி பவுண்டுக்கு மேல் கிடைத்தது. கோப்பை மேட்சுக்குப் பல மேலாளர்கள் பாதி அணியை மாற்றி இறக்குவது ஏன் என்று கோபப்படுகிறவர்கள் இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எனக்கு இன்னும் கோபம் வரத்தான் செய்கிறது.

டிக்கெட் விலையில் ஒரு நல்லது நடந்தது. அந்த சீசன் ஜனவரியில் ஆர்சனல் மைதானத்துக்கு வந்த சிட்டி ரசிகர்களிடம் ஒரு சீட்டுக்கு 62 பவுண்டு கேட்டார்கள். நூற்றுக்கணக்கான டிக்கெட் விற்காமல் திரும்பிப்போனது. அந்த மாதிரிப் போராட்டங்களின் பலனாக 2016–17 முதல் பிரீமியர் லீகில் வெளியூர் ரசிகருக்கு 30 பவுண்டுதான் உச்ச விலை. கோப்பை மேட்சுகளுக்கு இந்த வரம்பு கிடையாது, வெம்ப்லியில் 2013 இறுதிக்கே 115 பவுண்டு வரை சீட்டு இருந்தது.

கோப்பை வென்றதால் விகனுக்கு அடுத்த வருஷம் ஐரோப்பிய கிளப்களின் போட்டியான யூரோப்பா லீக் குழுச் சுற்று. இரண்டாவது டிவிஷன் என்றால் 24 அணி, 46 லீக் மேட்ச், அதோடு வியாழக்கிழமை இரவுகளில் ஐரோப்பா. மேலாளர் மார்ட்டினெஸ் எவர்ட்டனுக்குப் போனார், மெக்கார்த்தி, கோனே, அல்கராஸ், ரோப்ளெஸ் நால்வரும் பின்னாலேயே போனார்கள். வியாழன் ஆடும் அணிக்கு அந்த வார லீக் மேட்ச் ஞாயிறுதான் என்று இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். ஐரோப்பியப் பயணத்துக்கு ஒரே ஒரு எச்சரிக்கை: எதிரணிகள் யார் என்ற அறிவிப்பு வந்தவுடன் ஊர்ப்பெயரைப் பார்த்து ஹோட்டல் போடாதீர்கள். பெல்ஜியத்தின் ஸுல்டெ வாரெகெம் அணியோடு விகன் ஆடிய முதல் மேட்ச் வாரெகெமில் நடக்கவில்லை, ஐரோப்பியப் போட்டிக்கு ஏற்ற மைதானம் வேண்டும் என்று புரூஜில் நடந்தது. ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யு.இ.எஃப்.ஏ. மைதானத்தின் பெயரை உறுதி செய்த பிறகு அறை போடுங்கள், ரத்து செய்யக்கூடிய அறையாகவே போடுங்கள்.